தங்குமிடமே மின்னேற்றுமிடம்

நுழையும்முன்

பெட்ரோல், டீசல் ஊர்திகளுக்கு மாற்றாக மின்னூர்திகள் பெருகி வருகின்றன. நெடுந்தொலைவுப் பயணத்தில் அவற்றிற்கு எங்கே, எப்போது, எத்தகைய மின்சாரத்தைக் கொண்டு ஆற்றல் ஊட்டுவது என்னும் வினா இன்று எழுந்துள்ளது. கொங்கு நாட்டின் சாலைகளையும் விடுதிகளையும் காற்றாலைகளையும் சான்றாகக் கொண்டு இப்பாடம் அவ்வினாவை ஆராய்கிறது.

பெருவழியும் சத்திரமும்

முற்காலத்தில் தமிழகத்தின் நெடுவழிகளில் மாட்டுவண்டிகளே மிகுதியாக இயங்கின. வழிப்போக்கர் தங்கச் சத்திரங்கள் இருந்தன. சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கியும், மாடுகள் உடலை உராய்ந்துகொள்ள ஆவுரிஞ்சு கல்லும், நீர் அருந்தக் கல்தொட்டியும் வழியோரங்களில் அமைந்திருந்தன. மதுரையில் இன்றும் நிலைத்துள்ள மங்கம்மாள் சத்திரம் அக்கால அறத்திற்குச் சான்றாகும். மனிதர் இளைப்பாறும் பொழுதே மாடுகள் நீர் அருந்தி, வைக்கோல் தின்று, மறுநாள் பயணத்திற்கு வலுப்பெற்றன.

பெட்ரோல் ஊர்திகள் வந்தபின் இம்முறை மாறியது. எரிபொருள் நிரப்பச் சில நிமிடங்களே போதுமானதால், உறங்கும் இடம் வேறாகவும் எரிபொருள் பெறும் இடம் வேறாகவும் பிரிந்தன. மின்னூர்தியோ பழைய முறையை மீண்டும் நினைவூட்டுகிறது. மின்கலம் நிறையப் பல மணி நேரம் ஆகலாம். ஆனால் ஊர்தியும் நாளின் பெரும்பகுதியை நின்றபடியேதான் கழிக்கிறது. நிற்கும் இடத்திலேயே ஆற்றலை ஊட்டினால், காத்திருக்க வேண்டிய நேரம் என்று ஒன்று தனியே இராது. பயணிகள் தங்கும் விடுதிகள் மின்னேற்றத்திற்கு ஏற்ற இடங்களாக மதிக்கப்படுவதன் காரணம் இதுவே.

கொங்கு நாட்டில் இதன் தேவை மிகுதி. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவே பண்டை வணிகர் மேலைக் கடற்கரையை அடைந்தனர். நொய்யல் கரையில் அமைந்த கொடுமணல் அவ்வழியில் சிறந்து விளங்கிய தொழில்நகரம். இன்று சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, பெருந்துறை, அவினாசி வழியாக அதே கணவாயை நோக்கிச் செல்கிறது. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்ட பங்கை அளிக்கும் திருப்பூருக்கு வெளிநாட்டுக் கொள்முதலாளர்களும் தர ஆய்வாளர்களும் வந்து தங்குகின்றனர். திருப்பூர் மக்களோ விடுமுறையில் உதகமண்டலம், வால்பாறை, மூணாறு ஆகிய மலையூர்களை நாடுகின்றனர்.

ஆற்றலின் கணக்கு

ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் ஆற்றல் ஓர் அலகு (யூனிட்) எனப்படும். நடுத்தர மின்மகிழுந்து ஒன்று சமவெளியில் 100 கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 15 அலகு தேவைப்படும். அதன் மின்கலம் 40 அலகு கொள்ளளவு உடையது எனக் கொள்வோம்.

விடுதிகளில் நீர்சூடேற்றி போன்றவற்றுக்குப் பயன்படும் 15 ஆம்பியர் இணைப்பு ஏறத்தாழ 3.3 கிலோவாட் திறன் தரும். அதில் 10 மணி நேரம் இணைத்தால் 33 அலகு கிடைக்கும். ஓர் இரவில் மின்கலத்தின் பெரும்பகுதி நிறைந்துவிடும். சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் மின்னேற்றியைப் பயன்படுத்தினால் நான்கைந்து மணி நேரமே போதும். இவ்விரண்டும் மாறுதிசை மின்னோட்டத்தை அளிப்பவை. ஊர்தியினுள் உள்ள கருவி அதனை நேர்த்திசை மின்னோட்டமாக மாற்றி மின்கலத்திற்கு அனுப்பும்.

நெடுஞ்சாலை உணவகங்களின் நிலை வேறு. அங்கே பயணி உண்டு முடிக்கும் நேரமே கிடைக்கும். ஆதலால் 30 அல்லது 60 கிலோவாட் திறனுடன் நேர்த்திசை மின்னோட்டத்தை நேரடியாக மின்கலத்திற்குச் செலுத்தும் விரைவு மின்னேற்றி அங்கே தேவைப்படுகிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஸியான் நிறுவனம் இத்தகைய மின்னேற்றிகளைத் தமிழக நெடுஞ்சாலைகளில் உள்ள உணவகங்களிலும் விடுதிகளிலும் அமைத்துள்ளது. இவற்றிற்கு விலையும் மிகுதி, மின்பளுவும் மிகுதி. இரவு முழுவதும் ஊர்தி நிற்கும் விடுதிக்கு இவை இன்றியமையாதவை அல்ல.

தெரிந்து தெளிவோம்

இன்றைய மின்னூர்திகள் பலவற்றிலும் இடம்பெறுவது இலித்தியம் அயனி மின்கலம். இதனை உருவாக்கியமைக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மலையேறும் மகிழுந்து

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. பயணிகளுடன் 1,800 கிலோகிராம் நிறையுள்ள மகிழுந்து அவ்வுயரத்தை அடையும்போது பெறும் ஈர்ப்பு நிலையாற்றல், நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகியவற்றின் பெருக்கற்பலனாகும். அது ஏறத்தாழ 335 இலட்சம் ஜூல். ஓர் அலகு 36 இலட்சம் ஜூல் ஆதலால், உயரம் ஏறுவதற்கு மட்டும் 9 அலகுக்கு மேல் செலவாகிறது. சாலையின் தொலைவைக் கடக்கத் தேவையான ஆற்றல் இதனினும் வேறு. சமவெளியில் கணக்கிட்டுப் புறப்பட்டவர் மலையில் எதிர்பாராத குறைவைக் காண நேர்வது இதனாலேயே.

இறங்கும்போது நிகழ்வதோ இதற்கு நேர்மாறானது. மோட்டாரே மின்னாக்கியாக மாறி, ஊர்தியின் வேகத்தைக் கட்டுப்படுத்தியபடி, இழந்த ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்திற்குத் திருப்பித் தருகிறது. ஆனால் மின்கலம் முழுமையாக நிறைந்திருந்தால் அந்த ஆற்றலை ஏற்க அதில் இடமிராது. வேகத்தைத் தணிக்கும் சுமை முழுவதும் சக்கரத் தடைகளின்மேல் விழும். எனவே மலை விடுதியிலிருந்து புறப்படுபவர் மின்கலத்தைச் சற்றுக் குறைவாகவே நிரப்பிக்கொள்வது சிக்கனம், பாதுகாப்பும் ஆகும்.

விடுதியின் பொறுப்பு

ஒரு விடுதியில் 20 மின்மகிழுந்துகள் ஒரே இரவில் நிற்பதாகக் கொள்வோம். அனைத்தும் 7.4 கிலோவாட் மின்னேற்றிகளில் ஒரே நேரத்தில் இணைக்கப்பட்டால் 148 கிலோவாட் மின்பளு ஏற்படும். அதனைத் தாங்க அவ்விடுதி புதிய மின்மாற்றியையே நாட வேண்டியிருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தேவைப்படுவது 20 அலகு என்றால் மொத்தத் தேவை 400 அலகே. அதனைப் பத்து மணி நேரத்திற்குப் பகிர்ந்தளித்தால் 40 கிலோவாட் போதும். ஊர்திகளுக்கு முறைவைத்தோ, திறனைப் பகிர்ந்தோ வழங்கும் ஏற்பாடு இருந்தால், செலவு பெரிதும் குறையும். முறையான புவித்தொடுப்பும் மிகைமின்னோட்டத் தடுப்பும் இன்றியமையாதவை. அறையின் சாளரத்திலிருந்து நீட்டிப்புக் கம்பியை இழுத்து மின்னேற்றுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

இதற்குச் சட்டத் தடை ஏதும் இல்லை. மின்னேற்றம் என்பது மின்சார விற்பனை அன்று, அது ஒரு சேவையே. அதற்குத் தனி உரிமம் வேண்டியதில்லை என்று மைய அரசின் மின் அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. நெடுஞ்சாலைகளில் 25 கிலோமீட்டருக்கு ஒரு மின்னேற்ற நிலையம் அமைதல் வேண்டும் என அவ்வாண்டு இறுதியில் வெளியான வழிகாட்டு நெறிகள் கூறின.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

மின்னூர்தி புகையை வெளிவிடுவதில்லை. ஆயினும் இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. ஊர்தியில் இல்லாத புகை, தொலைவில் உள்ள அனல்மின் நிலையத்தில் எழக்கூடும். கண்ணுக்கு அப்பால் சென்ற கழிவைக் கணக்கில் கொள்ளாமையின் விளைவைத் திருப்பூர் நன்கு அறியும். சாயக்கழிவு நொய்யலில் கலந்ததால், பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது, உழவர்கள் துன்புற்றனர். 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் சாய ஆலைகள் மூடப்பட்டன. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறை அதன்பின் வலுப்பெற்றது.

அதே தொழில்நகரம் நன்முன்மாதிரி ஒன்றையும் அளித்துள்ளது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குப் பருவக்காற்று பல்லடம், தாராபுரம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் உள்ள காற்றாலைகளைச் சுழற்றுகிறது. நூற்பாலைகளும் பின்னலாடை நிறுவனங்களும் பல காற்றாலைகளைத் தமக்கென நிறுவி, அங்கு உண்டாகும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பிகள் வழியே தம் ஆலைகளுக்குப் பெறுகின்றன. இக்காற்று பகலென்றும் இரவென்றும் பாராது வீசுவது. தேவையை விஞ்சும் வேளைகளில் காற்றாலைகளை நிறுத்தி வைக்கவும் நேர்கிறது. பருவக்காற்றுக் காலத்தில் விடுதிகளில் இரவு முழுவதும் மின்னேறும் ஊர்திகள் அந்த மிகுமின்சாரத்தைப் பயன்கொள்ள இயலும்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. மலையூர்களில் கூட்டம் பெருகுவது ஏப்ரல், மே மாதங்களில். காற்று முழுவலிமை பெறுவது அதன் பின்னரே. 2025ஆம் ஆண்டுக் கோடையில் உதகமண்டலத்திற்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 ஊர்திகளே அனுமதிக்கப்பட வேண்டும் என உயர் நீதிமன்றம் வரையறுக்கும் அளவுக்கு நெரிசல் மிகுந்தது. அக்காலத்தில் கைகொடுக்கக்கூடியது கதிரவன் ஒளியே. பகலில் வெயில் மிகுந்த மணிநேரங்களில் மின்கட்டணத்தைக் குறைத்து, உச்ச நேரத்தில் உயர்த்தும் முறைக்கு 2023ஆம் ஆண்டு விதித்திருத்தம் வழிவகுத்தது. நண்பகல் உணவுக்காக நெடுஞ்சாலையில் நிற்கும் ஊர்தியும், வணிகப் பேச்சு முடியும்வரை திருப்பூர் விடுதியில் நிற்கும் ஊர்தியும் அந்நேரத்தில் மின்னேற்றிக்கொள்வது செலவையும் நிலக்கரிப் பயன்பாட்டையும் ஒருங்கே குறைக்கும்.

மின்னேற்றியைப் பொருத்துவதோடு விடுதியாளரின் பணி முடிந்துவிடுவதில்லை. எத்தனை ஊர்திகள், எவ்வளவு நேரம், எந்தப் பருவத்தில், எவ்வகை மின்சாரம் என்னும் நான்கையும் எண்ணிப் பார்த்துத் திட்டமிடும்போதே அது சூழலைக் காக்கும் முயற்சியாகும். நொய்யலில் காலம் கடந்து கற்ற பாடத்தைச் சாலைகளில் முன்கூட்டியே கடைப்பிடிக்கும் வாய்ப்பு இத்தலைமுறைக்குக் கிடைத்துள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலிருந்து ஏதேனும் ஒரு மலையூருக்கு மின்மகிழுந்தில் செல்லத் தேவையான ஆற்றலைக் கணக்கிட்டு, எங்கெங்கே மின்னேற்றலாம் என்பதைக் குறிக்கும் பயணத்திட்டம் ஒன்றை உருவாக்குக.

2. ‘மின்னூர்தியின் தூய்மை, அது பெறும் மின்சாரத்தைப் பொறுத்தது’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.