பங்காளியா, கூடப்பிறந்தவனா?

(காவிரி முகத்தில் மூன்று வேதங்கள் – 14)

குரும்பகரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மோசேயைப் பற்றிப் பேசுவேன் என்று நான் நினைத்ததில்லை. நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்த ஊர் அது. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் காரைக்கால் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். 'கொம்யூன்' என்ற சொல்லை மட்டும் எடுத்துப்போக மறந்துவிட்டார்கள். வடக்கே பூவம் தாண்டினால் தரங்கம்பாடி. தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர். பக்கத்திலேயே திருநள்ளாறு.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். நடவுக்கு ஆள் கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர், நான் இந்தத் தொடர் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் பேச்சை மாற்றினார். "தம்பி, ஒரு சந்தேகம். வேதக்கோயில்காரங்க 'தீர்க்கதரிசி'ங்கிறாங்க. மாதா கோயில்ல 'இறைவாக்கினர்'ங்கிறாங்க. நம்ம பாய் 'நபி'ங்கிறாரு. மோசே சொல்லிட்டுப் போன ஆள் எங்க ஆளுதான்னு ஆளாளுக்குச் சொல்றாங்களே, யாரைத்தான் சொன்னாரு அவரு?"

இந்த வாரம் வேறொன்று எழுதுவதாக இருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகட்டும்.

அவர் கேட்ட இடம் மோசேயின் ஐந்தாம் நூலில் 18-ஆம் அதிகாரம். சீர்திருத்த சபையார் வைத்திருக்கும் வேதாகமத்தில் அந்த நூலுக்கு 'உபாகமம்' என்று பெயர். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'இணைச் சட்டம்'. எபிரேயத்தில் 'தேவாரிம்', அதாவது 'சொற்கள்'. யோர்தான் நதிக்கு இந்தக் கரையில் நின்றுகொண்டு, அந்தக் கரைக்குத் தான் போகப்போவதில்லை என்று தெரிந்த ஒரு கிழவர் மக்களிடம் பேசும் பேச்சுதான் நூல் முழுதும். நடுவில் ஒரு வாக்குறுதி வருகிறது. என்னைப் போன்ற ஒருவரைக் கடவுள் உங்கள் நடுவிலிருந்து, உங்கள் சகோதரர்களிலிருந்து எழுப்புவார். தம் சொற்களை அவர் வாயில் வைப்பார். அவர் சொல்வதைக் கேளுங்கள் என்பது அதன் சாரம்.

எழுப்பப்படுகிறவருக்கு எபிரேயத்தில் உள்ள பெயர் 'நாவீ'. 'அழைப்பது' என்று பொருள்படும் பழைய அக்காடியச் சொல்லோடு இதற்கு உறவு உண்டு என்பது மொழியறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. மோசேயின் இரண்டாம் நூலில், திக்குவாயான மோசேக்குப் பதிலாகப் பார்வோனிடம் பேசப் போகும் ஆரோனை மோசேயின் 'நாவீ' என்றே கடவுள் சொல்கிறார். ஆக, இன்னொருவருக்கு வாயாக இருப்பவர் நாவீ. (நாவுக்கும் நாவீக்கும் முடிச்சுப் போட்டு வாட்ஸப்பில் சுற்றவிட நம்மிடம் ஆள் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஒலி ஒற்றுமைக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.)

தமிழில் இதற்கு 'தீர்க்கதரிசி' என்ற சொல் நிலைத்தது. வடமொழிச் சொல், நெடுந்தொலைவு பார்ப்பவர் என்று பொருள். அழகான சொல்தான், ஆனால் வாயின் வேலையைக் கண்ணுக்குக் கொடுத்துவிட்டது. தீர்க்கதரிசி என்றதும் நமக்கு வரப்போவதைச் சொல்கிறவர்தான் நினைவுக்கு வருகிறார். 'இறைவாக்கினர்' பின்னால் வந்த சொல்; வேலையை வாய்க்கே திருப்பிக் கொடுத்தது. எபிரேயச் சொல்லுக்கு ஒலியாலும் வேராலும் நெருக்கமானது, இரண்டு கிறிஸ்தவ மொழிபெயர்ப்புகளிலும் இல்லாத 'நபி'தான். அரபு நபியும் எபிரேய நாவீயும் ஒரே வேரில் கிளைத்தவை. உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் இரண்டாம் காண்டத்துக்கு 'நுபுவ்வத்துக் காண்டம்' என்று பெயர் வைத்தபோது, அந்த வேர் தமிழ்க் காப்பியத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

பெரியவர் நான் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டார். "சொல்லு சரி தம்பி. ஆளு யாரு?"

ஆளைத் தேடும் முன்னால் அந்த வாக்குறுதி எந்தப் பேச்சின் நடுவில் வருகிறது என்று பார்க்க வேண்டும். மேடையிலும் யூட்யூபிலும் இதைப் பற்றி வாதாடுகிறவர்கள் இதை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அதற்குச் சற்று முன்னால் ஒரு நீண்ட தடைப் பட்டியல் இருக்கிறது. குறி கேட்காதே, நிமித்தம் பார்க்காதே, மந்திரம் போடாதே, செத்தவர்களைக் கூப்பிட்டுப் பேசாதே. நீ போகப்போகும் நாட்டுக்காரர்கள் இதையெல்லாம் செய்கிறார்கள், உனக்கு இது கூடாது. அப்படியானால் நாளைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறவன் எங்கே போவான்? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 'ஒருவரை எழுப்புவேன்' என்ற சொல் வருகிறது. (சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் திருநள்ளாற்றுக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, என் குரல் தானாகவே கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. பெரியவர் சிரித்தார். அவர் வைத்தீஸ்வரன் கோயிலில் ஏடு பார்த்தவராம். "பாதி பலிச்சுது" என்றார்.)

பாதி பலித்தால் போதாது என்கிறது இந்த அதிகாரம். கடவுள் பெயரால் ஒருவர் சொன்னது நடக்கவில்லையா, அது அவர் சொந்தச் சரக்கு, அவருக்குப் பயப்படாதே.

கேட்க எளிது. நடைமுறையில் இது எவ்வளவு சிக்கல் என்பதற்கு எரேமியாவின் நூலில் 28-ஆம் அதிகாரத்தைப் பார்க்கலாம். பாபிலோன் மன்னன் எருசலேம் ஆலயத்தின் பாத்திரங்களைக் கொள்ளையடித்துக்கொண்டு போய்விட்டான். எரேமியா கழுத்தில் மரநுகத்தை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கிறார்: பாபிலோனுக்குப் பணிந்து போங்கள், வேறு வழியில்லை என்பது அவர் செய்தி. அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி ஆலயத்தில், கூட்டத்துக்கு முன்னால், அந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறார். இரண்டே வருடம், பாத்திரமெல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறார். எரேமியா என்ன செய்தார்? ஆமென், அப்படியே நடக்கட்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தவர், நுகம் உடைந்ததும் தன் வழியே போய்விட்டார். நின்று சண்டை போடவில்லை. பிறகுதான் திரும்பி வந்து, மரநுகம் போய் இரும்பு நுகம் வரும் என்றார். அந்த வருடமே அனனியா இறந்தார் என்கிறது நூல். சில வருடங்களில் எருசலேமும் விழுந்தது. ஆனால் கூட்டத்தில் நின்று கேட்டவனுக்கு அன்றைக்கு எது உண்மை என்று தெரிந்துகொள்ள என்ன வழி? இருவரும் ஒரே கடவுளின் பெயரைத்தான் சொன்னார்கள்.

இன்னொரு சுவையான சங்கதி. கி.மு. 622 வாக்கில் யூதா நாட்டு அரசன் யோசியா காலத்தில் ஆலயத்தைப் பழுது பார்க்கும்போது ஒரு சட்டநூல் கிடைத்தது. அது இந்த ஐந்தாம் நூலின் மூலப்பகுதியாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நூல் சொல்வதைப் பற்றிக் கடவுளிடம் விசாரிக்க அரசன் ஆள் அனுப்பியது யாரிடம்? உல்தா என்ற பெண் தீர்க்கதரிசியிடம். 'சகோதரர்களிலிருந்து' என்று எழுதியிருந்த நூலுக்கு ஒரு சகோதரிதான் முதல் சான்று சொன்னார்.

சரி, ஆள் யார்? அதிகாரத்தை மட்டும் படித்தால் எனக்கு அது ஒரு தனி ஆளாகத் தோன்றவில்லை. அதற்கு முன்னால் நீதிபதி, அரசன், குரு என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் விதி சொல்லிக்கொண்டே வருகிறார் மோசே. அந்த வரிசையில் இது நான்காவது பொறுப்பு. தேவைப்படும்போதெல்லாம் ஒருவர் வருவார் என்பதே நேர்ப்பொருள். 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் இப்னு எஸ்ரா, மோசேக்கு அடுத்து வந்த யோசுவாவையே இது குறிக்கிறது என்றார். எரேமியாவைச் சொன்ன யூதர்களும் உண்டு.

ஆனால் அதே நூலின் கடைசியில் ஒரு சின்ன வாக்கியம் எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறது. மோசேயைப் போன்ற தீர்க்கதரிசி அதற்குப் பிறகு இஸ்ரயேலில் எழும்பவேயில்லை என்று முடிக்கிறார் எழுதியவர். 'என்னைப் போல் ஒருவர் வருவார்' என்று நடுவில் ஒரு வரி, 'அப்படி ஒருவரும் வரவில்லை' என்று கடைசியில் ஒரு வரி. நாற்காலியைப் போட்டுவிட்டு அதைக் காலியாகவே வைத்துப் போனால், பார்க்கிறவன் சும்மா இருப்பானா?

இருக்கவில்லை. கி.மு. 164-ல் கிரேக்கர்களிடமிருந்து ஆலயத்தை மீட்ட யூதர்கள், தீட்டுப்பட்டுவிட்ட பலிபீடத்தை இடித்தார்கள். கற்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. எறியவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒரு தீர்க்கதரிசி வந்து சொல்லட்டும் என்று ஒரு மூலையில் அடுக்கிவைத்தார்கள். இது மக்கபேயர் முதல் நூலில் இருக்கிறது. கத்தோலிக்க விவிலியத்தில் உண்டு, சீர்திருத்த சபையார் இப்போது கையில் வைத்திருக்கும் தமிழ் வேதாகமத்தில் கிடையாது. காத்திருப்பு எப்படி இருந்தது என்பதற்கு இந்தக் கற்குவியலை விட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

சாக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில், எதிர்பார்க்கப்படுகிறவர்களைப் பற்றிய வேத வாக்கியங்களைத் தொகுத்த ஒரு தாள் இருக்கிறது. இந்த வாக்குறுதி அதிலும் உண்டு. யோவான் நற்செய்தியில், திருமுழுக்கு யோவானிடம் எருசலேம்காரர்கள் வந்து 'அந்தத் தீர்க்கதரிசி நீர்தானா' என்று கேட்கிறார்கள். பெயர் சொல்லவில்லை, 'அந்த' என்றாலே போதுமாயிருந்தது. கி.பி. 45 வாக்கில் தெயுதா என்பவர் யோர்தானைப் பிளந்து காட்டுவதாகக் கூட்டம் சேர்த்துக்கொண்டு போனார். ரோமர்கள் தலையை வெட்டி எருசலேமுக்குக் கொண்டுவந்தார்கள் என்று எழுதுகிறார் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ். பேதுருவும் ஸ்தேவானும் இந்த வாக்கை இயேசுவுக்குப் பொருத்திப் பேசினார்கள். சமாரியர்களுக்கு மோசேயின் ஐந்து நூல்களுக்கு மேல் வேதம் கிடையாது. ஆகவே இந்த ஒரு வாக்குறுதியை அவர்கள் பத்துக் கட்டளைகளின் பக்கத்திலேயே சேர்த்து எழுதிவைத்தார்கள். வரப்போகிறவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'தாஹேப்'. இன்று அவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை.

ஏழாம் நூற்றாண்டில் குர்ஆன், தவ்ராத்திலும் (மோசேயின் வேதம்) இன்ஜீலிலும் (நற்செய்தி) எழுதப்பட்டிருக்கும் நபி என்று முகம்மது நபியைச் சொன்னது. தவ்ராத்தில் எங்கே என்று தேடிய முஸ்லிம் அறிஞர்கள் வந்து நின்ற இடங்களில் முக்கியமானது இந்த அதிகாரம். நம் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் அகமது தீதாத் இதைப் பட்டியலே போட்டார்: மோசேக்கும் முகம்மதுக்கும் தாய் தகப்பன் உண்டு, மனைவி மக்கள் உண்டு, இருவரும் சட்டம் கொடுத்தார்கள், மக்களை ஆண்டார்கள். ஆகவே 'என்னைப் போன்றவர்' இவரே. இந்த வாதத்தின் அச்சாணி 'சகோதரர்கள்' என்ற சொல். இஸ்ரயேலரின் சகோதரர்கள் என்றால் இஸ்மவேலின் வழியினர், அரபிகள்.

இதைச் சொன்னதும் பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "அப்படிக் கேளுங்க. சகோதரன்னா கூடப்பொறந்தவனா, பங்காளியா? ரெண்டும் ஒண்ணில்லையே."

டெல்டாவில் நிலம் பிரித்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி இவ்வளவு துல்லியமாக வரும். இஸ்மவேலும் ஈசாக்கும் ஒரே தகப்பன் பிள்ளைகள், தாய்தான் வேறு. வம்சங்கள் பங்காளிகள். எபிரேயத்தில் 'சகோதரன்' என்ற சொல்லுக்குப் பங்காளி என்ற பொருளும் உண்டு. இதே ஐந்தாம் நூல் ஏதோமியரை இஸ்ரயேலின் சகோதரர் என்கிறது. ஆகவே முஸ்லிம்களின் வாசிப்பு ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்ததல்ல. ஆனால் இந்த அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களைப் பாருங்கள்: லேவியருக்குச் சகோதரர் நடுவில் நிலப்பங்கு கிடையாது. அங்கே சகோதரர் என்றால் மற்ற இஸ்ரயேல் கோத்திரங்கள்தாம். முந்தின அதிகாரத்தில், அரசன் சகோதரர்களில் ஒருவனாக இருக்க வேண்டும், அந்நியன் கூடாது. அங்கேயும் அதே பொருள்தான். போதாததற்கு 'உன் நடுவிலிருந்து' என்ற சொல்லும் இருக்கிறது.

1172 வாக்கில் எகிப்திலிருந்து யூத அறிஞர் மைமோனிடிஸ், ஏமன் நாட்டு யூதர்களுக்கு ஒரு மடல் எழுதினார். அவர்களை மதம் மாறச் சொல்லி நெருக்கிய காலம் அது. நெருக்கியவர்கள் இந்த வசனத்தையே காட்டினார்கள். அவர் பதில் குறிகாரர்களின் தடைப் பட்டியலுக்குத் திரும்பிப் போனது. குறி கேட்க வேண்டாம் என்று சொன்ன கடவுள், ஊர் ஊராக அலைந்து தேட வேண்டியில்லாதபடி உங்கள் நடுவிலேயே ஆள் தருவதாகச் சொல்கிறார் என்று விளக்கினார். மூன்று வாசிப்புகளில் இடம் பார்த்துப் பொருள் சொன்னது இதுதான் என்பது என் கட்சி. கிறிஸ்தவ வாசிப்பும் முஸ்லிம் வாசிப்பும் காலியான அந்த நாற்காலியைப் பார்த்தவை. விசுவாசத்துக்கு அது போதும். வழக்காட அது போதாது.

"அப்ப யாருக்கும் பட்டா இல்லேங்கிறீங்க" என்றார் பெரியவர். அனுபோகம் மூவரிடமும் இருக்கிறது ஐயா என்றேன்.

அங்கிருந்து பூவம் வழியாகத் தரங்கம்பாடி போனேன். புதிய எருசலேம் ஆலயத்துக்குள் மிஷனரி சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. எபிரேய வேதத்தை முதலில் தமிழில் பெயர்க்கத் தொடங்கியவர் அவர்தான். மோசேயின் ஐந்து நூல்களையும் இந்த வாக்குறுதியோடு சேர்த்து முடித்தார். ரூத்தின் கதை வரை வந்தபோது, 1719 பிப்ரவரி 23-ல், 36 வயதில் இறந்தார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி ஷுல்ட்சே முடித்து, 1728-க்குள் அச்சில் வந்தது. ஏசாயா, எரேமியா என்று தொடங்கும் தீர்க்கதரிசிகளின் நூல்கள்வரை சீகன்பால்கு வரவில்லை.