பூங்காவுக்கு நிலமா, கட்டணமா?

புதிய வீடமைப்புத் திட்டமொன்று முன்மொழியப்படும்போது, அங்கு குடியேறுவோருக்கான திறந்தவெளியை நிலமாகவே ஒதுக்குவதா, அன்றி அதற்கீடாகச் சபைக்குப் பணம் செலுத்தினால் போதுமா என்ற வாதம் பல நாடுகளின் நகரசபைகளில் எழுவதுண்டு. கலவானைக்கு இது தொலைதூர விவகாரமாகத் தோன்றக்கூடும். ஆயினும், லயன் காம்பராவை விட்டுத் தனிவீட்டுக்குச் செல்லும் நாளை எதிர்பார்த்திருக்கும் சப்ரகமுவ தோட்ட மக்களுக்கு இது வாசலுக்கு வந்துவிட்ட கேள்வியாகும்.

கலிபோர்னியாவின் குவிம்பி சட்டம் ஆயிரம் பேருக்கு மூன்று ஏக்கர் என்ற அளவை அடிப்படையாகக் கொண்டு, நிலத்தையோ கட்டணத்தையோ கோரும் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றங்களுக்கு வழங்குகிறது. அறவிடப்படும் பணம் அக்குடியிருப்பாளருக்குப் பயன்படும் பூங்காவுக்கே செலவிடப்பட வேண்டும். ஐந்தாண்டுக் காலக்கெடுவுக்குள் அதற்கென ஒதுக்கப்படாவிடின், மனை உரிமையாளரிடமே அது திரும்பிச் செல்லும். தமிழகத்தின் விதியோ பரப்பளவைக் கொண்டு பிரிக்கிறது. 3,000 சதுர மீற்றருக்கு மேல் 10,000 வரையான மனைகளில் பத்து வீத நிலத்துக்குப் பதிலாகப் பணம் ஏற்கப்படலாம். அதற்கு மேற்பட்டால் நிலத்தையே கையளிக்க வேண்டும். பெரிய குடியிருப்புக்குப் பணம் ஈடாகாது என்பதை அவ்விதி ஒப்புக்கொள்கிறது.

நம் நாட்டிலும் நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணி துண்டாடப்படுமிடத்து, வீதிகள் நீங்கலாகப் பத்து வீதத்தைப் பொதுத் தேவைக்கும் திறந்தவெளிக்கும் ஒதுக்குமாறு கூறின. ஆனால் இத்தகைய விதிகள் அச்சபையின் கீழ்ப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளுக்கே உரியவை. தோட்டங்களின் நிலைமை வேறு. காணி அரசினுடையது, 1992இல் தொடங்கிய தனியார்மயத்தின் பின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவோ, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட முடியாத தடையாக நீண்டகாலம் விளங்கியது. வாக்களிக்கும் உரிமை இருந்தது. வாக்களித்த சபையிடம் ஒரு மைதானத்தைக் கேட்கும் உரிமை இருக்கவில்லை. 2018இல் செய்யப்பட்ட திருத்தமே அதற்கு வழிதிறந்தது.

2015இன் பின் பேசப்பட்ட ஏழு பேர்ச்சஸ் அளவையே எடுத்துக்கொள்வோம். நூறு வீடுகளுக்கு 700 பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ நாலேகால் ஏக்கர் தேவை. இதில் பத்திலொரு பங்கு 70 பேர்ச்சஸ். அதுவோ பத்துக் குடும்பங்களின் வீட்டு நிலம். பரம்பரை பரம்பரையாக ஒரு துண்டுக் காணிக்கும் உரித்தற்றிருந்த மக்களிடம், "பத்துப் பேரின் காணியை விளையாட்டுக்கு விடுங்கள்" என்று சொல்வது எளிதன்று. இத்தயக்கம் நியாயமற்றது எனக் கூறிவிட முடியாது. ஆனால் அந்தப் பத்துக் குடும்பங்களுக்கும் உரிய நிலத்தைக் கம்பனியின் பயிரிடப்படாத காணியிலிருந்து மேலதிகமாகப் பெறுவதே முறையாகும், பிள்ளைகளின் மைதானத்திலிருந்தன்று.

சிங்கராஜ வனத்தின் வாயிலில் இருக்கும் கலவானைக்குப் பூங்கா எதற்கு என்று சிலர் வினவலாம். 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட அக்காடு பந்தடிக்கும் இடமன்று. இங்கு அருமையானது பசுமையல்ல, சமதரையே. மேட்டில் மண்சரிவு, பள்ளத்தில் வெள்ளம் என்பதை 2017 மே மாதப் பேரனர்த்தம் இப்பிரதேசத்துக்குக் கொடூரமாகவே உணர்த்தியது. பாதுகாப்பான சமதரை முழுவதும் வீடுகளால் நிரம்பிய பின்னர், சபையின் கணக்கில் எத்தனை இலட்சம் கிடந்தாலும் எதை வாங்குவது? லயங்களிலாவது வரிசைகளுக்கு முன்னால் ஒரு முற்றம் இருந்தது. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடியதும், திருவிழாவும் மரணவீடும் நடந்ததும் அங்கேதான். தனிவீட்டுத் திட்டத்தின் வரைபடத்தில் அந்த முற்றத்துக்கு இடம் கிடைப்பதில்லை.

ஆகவே தோட்ட வீடமைப்பில் கட்டணம் என்ற மாற்றுவழிக்கு இடமளிக்காது, நிலத்தையே கோருவது பொருத்தமாகும். அந்நிலத்தின் உறுதி கம்பனியின் பெயரிலன்றிப் பிரதேச சபையின் பெயரில் எழுதப்படவேண்டும். பராமரிப்புக்கென ஒரு சிறு தொகை அறவிடப்படுமாயின், அது பொதுநிதியில் கரைந்துவிடாது தனிக்கணக்கில் வைக்கப்படுவது அவசியம். முதலாவது வீட்டுக்கு நில அளவையாளர் எல்லைக்கல் நாட்டுவதற்கு முன்பே மைதானத்தின் எல்லை வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று உறுப்பினர்கள் சபையில் கேட்கவேண்டும்.