பழையதை வழியனுப்பும் பக்குவம்

முன்பெல்லாம் எங்களுக்குப் புதிய பதிப்பு ஏற்றும் நேரம் ராத்திரி இரண்டு மணி. பழைய கன்டெய்னரை நிறுத்துவோம், புதியதைக் கிளப்புவோம். நடுவே இருபது விநாடி இடைவெளி விழும். சரியாக அப்போதுதான் யாராவது பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

காரணம் போர்ட். 443-ஐ ஒரு கன்டெய்னர் பிடித்திருக்கும்போது இன்னொன்றைக் கிளப்பினால், அந்த இடம் போய்விட்டது என்று டாக்கர் கைவிரித்துவிடும். ஆகவே வாசலை ஆப்பிடம் விடாமல், முன்னால் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியை உட்கார வைப்பதுதான் வழி. நாங்கள் வைத்தது என்ஜின்எக்ஸ்.

பழைய பதிப்பு 8001-இல் ஓடிக்கொண்டிருக்கட்டும். புதியதை 8002-இல் கிளப்பலாம். கன்டெய்னர் ஓடுகிறது என்பதாலேயே ஆப் தயார் என்று ஆகிவிடாது. டேட்டாபேஸோடு பேசி, ஹெல்த் செக்குக்கு 200 என்று பதில் தரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு என்ஜின்எக்ஸின் கான்ஃபிக் கோப்பில் போர்ட் எண்ணை மாற்றி ரீலோட்.

ரீலோடில்தான் அழகு இருக்கிறது. மாஸ்டர் ப்ராசஸ் கோப்பைப் படித்துப் பார்க்கும். பிழை இருந்தால் பழைய அமைப்பிலேயே தொடரும். சரியாக இருந்தால் புது வொர்க்கர்களைக் கிளப்பும். பழைய வொர்க்கர்கள் புது இணைப்பு எதையும் வாங்காமல், கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பும். அந்த நேரத்தில் 'பிஎஸ்' அடித்தால், 'ஷட்டிங் டவுன்' என்று பெயர் மாட்டிக்கொண்டு அவை நிற்பதைப் பார்க்கலாம். வெப்சாக்கெட் பிடித்திருக்கும் வொர்க்கர் மணிக்கணக்கில் நிற்பதும் உண்டு.

புதியதை ஏற்றுவது எல்லோருக்கும் வரும். பழையதை இறக்குவதில்தான் சறுக்கல். 'டாக்கர் ஸ்டாப்' முதலில், முடித்துக்கொள் என்ற சிக்டெர்ம் சிக்னலை அனுப்பி, வழக்கமாகப் பத்து விநாடி பொறுத்து, அப்புறம் உடனே கொல்லும் சிக்கில் சிக்னலை அடிக்கும். எங்கள் கன்டெய்னர் ஒவ்வொரு முறையும் முழுப் பத்து விநாடியும் அசையாமல் இருந்து அடிவாங்கியே செத்தது. இரண்டு நாள் தேடிய பிறகு தெரிந்தது: ஆப்பை ஷெல் வழியாகக் கிளப்பியிருந்தோம். சிக்டெர்ம் ஷெல்லோடு நின்றுவிட்டது, ஆப்பின் காதுக்கு எட்டவே இல்லை. டாக்கர்ஃபைலில் கட்டளையைச் சதுர அடைப்புக்குள் எழுதியதும் சரியானது.

டேட்டாபேஸ் மட்டும் ப்ராக்ஸியின் கைக்கு அடங்காது. சற்று நேரம் இரண்டு பதிப்புகளும் ஒரே டேபிளைத்தான் தொடும். அதனால் புது நெடுவரிசையை இந்த ரிலீஸில் சேர்ப்போம். பழைய நெடுவரிசையை நீக்குவது அடுத்த ரிலீஸில்தான்.