காரியதரிசியின் நாவு

மதுரை அண்ணா நகரிலோ கே. கே. நகரிலோ அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் நேயர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை காலை, மாடிப்படியின் கீழ் நாலு நாற்காலிகளைப் போட்டுச் சங்கத்தின் பொதுக்கூட்டம் நடக்கிறது. தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்த்த செலவுக்கு ரசீதைக் காணோம். காரியதரிசி எழுந்து, "பணத்தைத் தின்றவர் பொக்கிஷதார்தான்!" என்கிறார். கரகோஷம் கிடைக்கிறது. அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸும் கிடைக்கிறது.

சம்பளமின்றி உழைத்தவருக்கா இந்தக் கதி என்று நாம் இரங்கலாம், சட்டம் இரங்குவதில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, 500-ம் பிரிவுகளாக இருந்த அவதூறுக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ம் பிரிவாக இருக்கிறது. குற்றம் ருசுவானால் இரண்டு வருஷம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சமூக சேவையும் விதிக்கப்படலாம். பேச்சுரிமைக்கு இது விரோதமென்று, முன்பு மதுரையின் லோக்சபை அங்கத்தினராயிருந்த சுப்பிரமணியன் சுவாமி முதலியோர் வாதாடினர். 2016 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அவ்வாதத்தை நிராகரித்தது.

"நான் சொன்னது உண்மைதானே?" என்று காரியதரிசி கேட்கலாம். நஷ்ட ஈட்டு வழக்கில் உண்மையே போதுமான கவசம். கிரிமினல் வழக்கிலோ, உண்மையோடு, அது பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டதென்றும் காட்ட வேண்டும்.

ஆகவே வாயை மூடிக்கொள்வதா? அது உறுப்பினர்களுக்குச் செய்யும் துரோகமாகும். தமது நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்துடன் பேசுவதையும், விசாரிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் புகார் செய்வதையும் சட்டம் பாதுகாக்கிறது. ஆனால் மனம் சுத்தமாயிருந்தால் மட்டும் நல்லெண்ணம் ஆகிவிடாது. தக்க கவனத்தோடு விசாரித்த பிறகே பேசியிருக்க வேண்டும்.

நமது காரியதரிசி, "மோட்டார் செலவுக்கு ரசீது இல்லை, கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும்" என்று தீர்மானம் கொண்டுவந்து, அதைக் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்திருக்கலாம். பதில் வராவிட்டால், பதிவு பெற்ற சங்கத்தின் விஷயத்தில் பதிவாளரிடம் மனுச் செய்யவும் வழி உண்டு. அப்போது பணம் போன வழி தெரிந்திருக்கும். காரியதரிசியும் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிராது.

கணக்குக் கேட்பது அவர் கடமை. திருடன் யார் என்று தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலை. இவ்விரண்டையும் மறவாதவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அச்சமின்றி எழுந்து பேசலாம்.