'ஈஸி ரைடர்' பைக்கும் விருதுநகர் பஸ்ஸும்... சாலை யாருக்குச் சொந்தம்?

லாங் ட்ரிப் ரீல்ஸ் பார்க்கிற எல்லோரும் ஒரு படத்தைத் தெரிஞ்சு வெச்சுக்கணும். 1969-ல் வந்த 'ஈஸி ரைடர்'. லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்து நியூ ஆர்லியன்ஸ் திருவிழாவுக்கு ரெண்டு இளைஞர்கள் பைக்கில் கிளம்புறாங்க. பீட்டர் ஃபோண்டாவும் டென்னிஸ் ஹாப்பரும் நடிச்சிருப்பாங்க. படத்தை இயக்கினதும் ஹாப்பர்தான்.

அவங்க செய்த குற்றம் என்ன தெரியுமா? நீளமா முடி வளர்த்தது! அதுக்காக ஓர் ஊர் உணவகத்தில் கேலி, மிரட்டல். அன்று ராத்திரியே, கூடவந்த வக்கீல் அடித்துக் கொல்லப்படுகிறார். கடைசியில் இவங்க ரெண்டு பேரும் நடுரோட்டில் சுடப்படுகிறார்கள். எதிர்க்கலாசாரம் பேசிய தலைமுறைக்கு அந்தப் படம் ஓர் அடையாளமாகவே ஆனது.

'அமெரிக்காவில்தான் இப்படியா?' என்று கேட்டால், நம்ம விருதுநகர் பக்கம் கதை இன்னும் பழசு. இங்கே பிரச்னை முடி இல்லை, பிறப்பு.

கோயில் வாசலில் தொடங்கியது

சிவகாசி கோயிலுக்குள் நுழைய நாடார்களுக்கு அன்று அனுமதி இல்லை. அந்த உரிமைக்கான மோதல் 1899-ல் பெரும் கலவரமாக வெடித்தது. அதே சமூகத்தில் இருந்து வந்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன். 1920-களின் இறுதியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவர் ஆனார். விருதுநகரும் சிவகாசியும் அப்போ அந்த ஜில்லாவில்தான் இருந்தன.

அந்தக் காலத்தில் தாழ்த்தப்பட்டவர்களை பஸ்ஸில் ஏற்ற மறுப்பார்கள். காசு இருந்தும் நடந்துதான் போகணும். சௌந்தரபாண்டியன் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 'ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்து' என்று உத்தரவு போட்டார். முதலாளியின் மனசு மாறும்வரை பயணி ஏன் வெயிலில் நிற்கணும்?

வீட்டுக்குள்ளும் ஒரு கலகம்

1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்ததும் இவர்தான். பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதை விடணும் என்று அங்கே தீர்மானம் வந்தது. 1931-ல் மூன்றாவது மாநாடு விருதுநகரிலேயே நடந்தது.

அதற்கும் முன்பே, 1928-ல், அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் ஒரு கல்யாணம். புரோகிதர் இல்லை, சடங்கு இல்லை. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்லப்படுவது இதுதான்.

இதில் ரிஸ்க் சாதாரணமானது இல்லைங்க. இப்படி நடக்கிற கல்யாணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவி என்ற உரிமை, பிள்ளைகளின் சொத்து எல்லாமே கேள்விக்குறி! 1967-ல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சட்டம்தான், ஏற்கெனவே நடந்தவற்றையும் சேர்த்து இந்தத் திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. இடையில் கிட்டத்தட்ட 40 வருடம்.

கிளம்பிப் போவதா, இருந்து மாற்றுவதா?

'ஈஸி ரைடர்' இளைஞர்கள் பிடிக்காத உலகத்தை விட்டுக் கிளம்பினார்கள். சாலை அவர்களைக் காப்பாற்றவில்லை. இங்கே இருந்தவர்கள் சொந்த ஊரிலேயே, சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே வழக்கத்தை உடைத்தார்கள். நாலு பேர் பேச்சைத் தாங்கினார்கள். பதவி கிடைத்தபோது அதைத் தனக்கும் கீழே தள்ளப்பட்டவருக்காகப் பயன்படுத்தினார்கள். 'எனக்குக் கதவு திறந்தாச்சு, போதும்' என்று நினைத்திருந்தால் அந்த பஸ் உத்தரவு வந்தே இருக்காது.

சென்னை பாண்டி பஜாரில் ஷாப்பிங் போயிருப்பீங்களே... அந்தப் 'பாண்டி', இந்த சௌந்தரபாண்டியன்தான்!