மெட்ராஸ் நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர்

கரையான்சாவடியில் மெட்ரோ தூண்களைப் பார்த்தபடி ஒரு மாடி அலுவலகம். புதிதாக வந்த கம்ப்யூட்டரில் யூடியூப் ஓடுகிறது, பிரிண்டர் அச்சடிக்கிறது. கம்பெனி டொமைனில் மட்டும் சேர மாட்டேன் என்கிறது. சிஸ்டம் பார்க்க வந்த தம்பி கேபிளைப் பிடுங்கிச் செருகினார். ரீஸ்டார்ட் செய்தார். "நெட்டுதான் நல்லா வருதே சார்!" என்றார்.

அந்த நெட்டில்தான் முதல் சிக்கல். டொமைன் என்பது அலுவலகத்தின் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் ஆட்களுக்கும் பொதுவான பதிவேடு. அதை வைத்திருக்கும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். அது எங்கே இருக்கிறது என்று, பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் புதிய கம்ப்யூட்டர் விசாரிக்கும். டிஎன்எஸ் கட்டத்தில் கூகுளின் 8.8.8.8 இருந்தது. உலகத்து வெப்சைட்டுக்கெல்லாம் அது வழி சொல்லும். இந்த மாடிக்குள் இருக்கும் சர்வரை அதற்கு எப்படித் தெரியும்? குமணன்சாவடி ஷேர் ஆட்டோக்காரரிடம் நம் வீட்டு அரிசி டப்பா எங்கே என்று கேட்ட மாதிரிதான். அந்தக் கட்டத்தில் டொமைன் கன்ட்ரோலரின் முகவரியைப் போட்டதும் வழி கிடைத்தது.

அடுத்த முட்டுக்கட்டை, "நேரம் ஒத்துப்போகவில்லை". எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

விண்டோஸ் 2000 காலத்திலிருந்து டொமைன் வாசலில் அடையாளம் பார்ப்பது கெர்பரோஸ். எம்.ஐ.டி.யில் 1983இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்தது. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர். இதன் சாமர்த்தியம், பாஸ்வேர்டு கம்பி வழியே போவதே இல்லை. பாஸ்வேர்டிலிருந்து ஒரு சாவி செய்து, அந்த நொடியின் நேரத்தை அதனால் பூட்டி அனுப்புகிறது கம்ப்யூட்டர். அதே சாவி சர்வரிடமும் உண்டு. திறந்து, உள்ளே இருக்கும் நேரத்தைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிடும். யாராவது வழியில் அந்தப் பொட்டலத்தைத் திருடி நாளைக்குக் கொண்டுவந்து நீட்டினால், பழைய நேரமே காட்டிக்கொடுத்துவிடும். வழக்கமாகப் பொறுத்துக்கொள்வது 5 நிமிட வித்தியாசம்.

நம் ஊருக்கு அந்த 5 நிமிடம் போதாத காலமும் இருந்தது. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் கணித்த மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். 1906 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய நேரமோ 5 மணி 30 நிமிடம். கிட்டத்தட்ட 9 நிமிட இடைவெளி. மெட்ராஸ் கடிகாரத்தோடு வந்திருந்தால் அந்த நாய் உள்ளே விட்டிருக்காது.

ஆனால் இந்தக் கம்ப்யூட்டரின் திரையில் மணி சரியாகத்தானே இருந்தது? அதுதான் ஏமாற்று வேலை. நேர மண்டலம் அமெரிக்காவின் பசிபிக்கில் கிடக்க, யாரோ மணியை மட்டும் கையால் திருத்தியிருக்கிறார்கள். கெர்பரோஸ் பார்ப்பது உலகப் பொது நேரத்தை. அந்தக் கணக்கில் இது அரை நாளுக்கு மேல் தள்ளி நின்றது. மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றி, மணியைத் திருப்பி வைத்தார் தம்பி. சேர்ந்துகொண்டது.

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஆனால், கேபிளைத் தொடும் முன் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஹோம் பதிப்புக்கு டொமைனில் சேரும் வசதியே கிடையாது.