கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் முன்னறி பரிசோதனையும்

புற்றுநோய்கள் பலவற்றுள், முன்கூட்டியே கண்டு தடுத்தற்கு எளியவை மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். இருந்தும், 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 660,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 350,000 பேர் உயிர் நீத்தனர். தடுக்கத்தக்க நோய் இத்துணை உயிர்களைக் கவர்வது எதனால்? திருகோணமலை மாவட்டத்துக் குடும்பங்கள் யாவும் இதனை அறிந்திருத்தல் நலமெனக் கருதி, இம்மலரிற் சில கூற முற்பட்டோம்.

இந்நோய்க்கு மூலகாரணம் எச்.பி.வி. எனும் வைரசு ஆகும். இதன் 16ஆம் வகையை நோயுற்ற இழையத்தில் 1983இல் கண்டறிந்தவர் செருமானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன். 2008இல் நோபல் பரிசும் பெற்றார். பாலுறவின் வழியே பரவும் இவ்வைரசு பெரும்பாலோர் உடலில் ஒருமுறையேனும் புகுவது. ஓரிரு ஆண்டுகளில் உடலே அதனை அகற்றிவிடுவது. ஆதலின் இது எவரது ஒழுக்கத்துக்கும் இழுக்கன்று. சிலரிடத்து மட்டும் அது நிலைத்துநின்று, கருப்பைக் கழுத்தின் கலங்களை மெல்லத் திரிபடையச் செய்கின்றது. அத்திரிபு புற்றாக முதிர்தற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேற் செல்லும். அக்காலத்தில் நோவு தோன்றாது. வேறு குறியும் தோன்றாது. ஆயினும் பரிசோதித்தால் திரிபு புலப்படும். புலப்பட்டால் சிறு சிகிச்சையால் நீக்கலாம். இந்நீண்ட இடைவெளியே நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

கலங்களை வழித்தெடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கும் 'பாப் பரிசோதனை' அறிஞர் பப்பனிக்கொலாவின் பெயரால் வழங்குவது. பின்லாந்து நாடு 1960களில் தன் பெண்களை முறைப்படி அழைத்து இச்சோதனையை நடத்தத் தொடங்கியது. சில பத்தாண்டுகளில் அங்கு இந்நோய் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது.

செல்வ நாடுகளுக்கன்றோ இது இயலும் எனச் சிலர் வினவலாம். விடை தமிழகத்திலேயே உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். 31,343 பேர் வந்தனர். பயிற்சி பெற்ற தாதியர் நீர்த்த அசற்றிக் அமிலத்தைத் தடவி, வெண்ணிறமாகும் இடத்தைக் கண்ணாற் கண்டனர். பொருத்தமானோர்க்கு உறைகுளிர்ச் சிகிச்சையும் அளித்தனர். அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைக்காட்டிலும் நோய் நூற்றுக்கு 25 வீதமும், அதனால் நேர்ந்த இறப்பு 35 வீதமும் குறைந்தன. இம்முடிவு 2007இல் வெளியாயிற்று.

மராட்டிய மாநிலத்து உசுமானாபாத்தில் நடந்த பெரும் ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஆங்கு வைரசையே தேடும் சோதனையை ஒரேயொரு முறை செய்த பிரிவில் 34 பேரும், ஏறக்குறைய அதே தொகையினர் அடங்கிய, சோதனையற்ற பிரிவில் 64 பேரும் இந்நோயால் மாண்டனர். ஆனால் பாப் சோதனையும் கண்காண் சோதனையும் ஆங்கு இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. எனவே, சோதனை நடத்தினால் மட்டும் போதாது. எம்முறை, எத்துணைத் திறமை, பின்தொடர் சிகிச்சை என்பனவே பயனை முடிவு செய்கின்றன.

நமது நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெற்று வருகின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்கள் அங்குச் செல்லுதல் வேண்டும். குருதியமுக்கம், நீரிழிவு, மார்பகம் ஆகியனவும் அங்குச் சோதிக்கப்படும். கட்டணம் இல்லை. நம் மாவட்டத்தில் முன்னர்ப் பயணமே பெருந்தடை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை, துறைகடந்து பட்டினம் வருவோர் 'பாதை'க்குக் காத்துநின்றனர். இன்று பாலம் உண்டு. எஞ்சிய தடைகள் நாணமும் "எனக்கு ஒரு நோவுமில்லையே" என்னும் எண்ணமுமேயாம். நோவில்லாதபோது செல்வதே இச்சோதனையின் பொருள் என்பதை உணர்த்துதல் வேண்டும். முடிவைக் கேட்டறிதலும், திரிபு காணின் மேற்சோதனைக்குத் தவறாது செல்லுதலும் அதனினும் முக்கியம். சோதித்தும் சிகிச்சைக்குச் செல்லாதவர் சோதியாதவரினும் நலமுடையவரல்லர்.

2017 முதல் ஆறாந் தரத்து மாணவியர்க்கு எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலைகளிலேயே போடப்படுகின்றது. அவ்வாண்டில் பதினொரு வயதினராயிருந்த சிறுமி 35 வயதெய்துவது 2041இலாகும். அவருள்ளும் சோதனை வேண்டுவோர் இருப்பர். ஆயின் அத்தடுப்பூசிக்குக் காலங்கடந்த தாய்மார்க்கு இன்றுள்ள பெருங்காவல் பரிசோதனையே.

இம்மலரை வாசிப்போருள் ஆசிரியரும் மருத்துவரும் உத்தியோகத்தரும் பலர்; மணமானோரும் பலர். பாடசாலையிலிருந்து வரும் சம்மதப் படிவத்தில் ஐயமின்றிக் கையொப்பமிடுவோம். கிளினிக் நாளில் வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் நாமே ஏற்று, மனைவியையும் சகோதரியையும் அனுப்பிவைப்போம். பெண்களின் நோயெனக் கூறி ஆடவர் ஒதுங்கிநிற்றல் தகாது. ஒரு காலைப்பொழுது செலவாகும். ஒரு குடும்பத்தின் தாய் காக்கப்படுவாள்.